அந்த மனுவ ஜெராக்ஸ் கடையில அடிக்கவே வேண்டியதில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரைக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல 16 வருசமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கடைன்னா பெருசா நெனச்சுக்கிறாதீங்க, பத்துக்கு எட்டு ரூம்பு, ஒரு ஜெராக்ஸ் மிசினு, ரெண்டு கம்ப்யூட்டரு, லேமினேசன், வெளிய ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். பட்டா மாறுதல் மனு, முதியோர் பென்சன் மனு, புருசன் குடிச்சிட்டு அடிக்கிறான்னு மனு, பக்கத்து வீட்டுக்காரன் சந்துல சுவர ஏத்திக் கட்டிட்டான்னு மனு, எல்லாம் நான்தான் டைப் அடிச்சுக் குடுக்குறேன். ஞாயித்துக்கிழம சாயங்காலமானா கூட்டம் அள்ளும், மறுநாள் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம்ல, அதுக்கு. அனுப்புநர், பெறுநர், பொருள், இந்த மூணையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

போன வாரம் உங்க பேப்பர்ல பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பிள்ளையப் பத்தி நியூஸ் போட்டிருந்தீங்க. பேரு போடல, அது சரி. ஆனா எந்த ஊராட்சின்னு போட்டிருக்கீங்க, பிள்ள என்ன படிக்குதுன்னு போட்டிருக்கீங்க, அப்பா கொத்தனாரு, அம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க, அண்ணன் துபாய்ல இருக்கான், கைதான ஆளு அந்தப் பிள்ளைக்கு என்ன மொறை வேணும்ங்கிறது வரைக்கும் போட்டிருக்கீங்க. அந்த ஊர்ல மொத்தமே எரநூறு வீடு இருந்தா சாஸ்தி. எங்க கடை பெஞ்சுல உக்காந்து படிச்ச ஒருத்தரு ரெண்டே நிமிசத்துல யாரு வீடுன்னு கண்டுபிடிச்சு, பக்கத்துல இருந்தவருக்கு அந்தக் குடும்பம் காதுகுத்துல எடுத்த போட்டோவ போன்ல எடுத்துக் காட்டிட்டாரு. அப்புறம் என்னத்துக்கு அந்தப் பேர மறைச்சீங்க? அதையும் போட்டிருந்தா அவருக்கு அந்த ரெண்டு நிமிசம் மிச்சம்.

உங்களத் திட்டுறதுக்கு மட்டும் இத எழுதல. நானும் அதே தப்பச் செஞ்சவதான், அதைச் சொல்லிட்டு உங்களச் சொல்றதுதான் மொறை.

ஏழெட்டு வருசம் இருக்கும். விவரத்த அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தித்தான் எழுதுறேன், ஏன்னு உங்களுக்கே புரியும். மத்தியானம் ரெண்டு மணி வாக்குல ஒரு அம்மாவும் பிள்ளையும் வந்தாங்க. பிள்ளைக்கு 19, 20 இருக்கும், துப்பட்டாவ ரெண்டு தோள்லயும் பின் குத்திக்கிட்டு தரையவே பாத்துக்கிட்டு நிக்கிது. அம்மா கையில ஒரு நகைக்கடை மஞ்சப்பை, அத நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்காங்க. "யக்கா, ஒரு மனு அடிக்கணும்"னாங்க. கடையில ஆதார் பிரிண்ட் எடுக்க வந்த பையன் ஒருத்தன், ரேசன் கார்டுல மருமக பேரு சேக்க வந்த மாமியார், மருமக, இவ்வளவு பேரு இருக்காங்க. நான் பாட்டுக்கு எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரி "பொருள் என்னன்னு போடட்டும்?"னு சத்தமா கேட்டுட்டேன். அந்தம்மா பதில் சொல்லல. மேசையச் சுத்தி என் பக்கம் வந்து குனிஞ்சு காதுல சொல்லுச்சு, வேலைக்குப் போற எடத்துல சூப்பர்வைசர் பிள்ளைய இப்படிப் பண்ணிட்டான்னு.

எனக்கு கை ஓடல. மத்தவங்கள அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டு ஷட்டரப் பாதி இறக்குனேன். ஸ்டேசனுக்குத்தான் மொதல்ல போயிருக்காங்க, அங்க "வெளிய போய் எழுதிட்டு வாங்க, அப்பத்தான் எடுக்க முடியும்"னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். சரின்னு அடிக்க ஆரம்பிச்சேன். அந்தப் பிள்ள சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன், நடுவுல நடுவுல அம்மா "அதெல்லாம் எதுக்குடி"ங்குது. ஒரு எடத்துல பிள்ளைக்கு வார்த்த வரல. நானே வழக்கமா மனுவுல போடுற வார்த்தைய எடுத்து "மானபங்கம் செய்தார்"னு அடிச்சுட்டேன். அந்தப் பிள்ள அதுவரைக்கும் தலையத் தூக்கல, அப்பத்தான் மானிட்டரப் பாத்துச்சு. "அக்கா, நடந்தது அது இல்லக்கா"ன்னுச்சு, பைய, ரொம்ப பையத்தான். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரிக்கு வாய்ல வந்த வார்த்தையால கேசோட செக்சனே மாறிப் போக இருந்துச்சு பாருங்க. மானபங்கம்ங்கிறதுக்கு வேற செக்சன், வேற தண்டன. அந்த மாதிரி மனுவ எத்தன பேரு எத்தன கடையில என்னென்ன வார்த்தையில அடிச்சுக் குடுத்தாங்களோ.

மஞ்சப்பையில என்னன்னு கேட்டேன். பிள்ளை அன்னைக்கு உடுத்தியிருந்த துணியாம். போலீசுல கேப்பாங்கன்னு கொண்டாந்திருக்காங்க. தொவச்சு, காயப்போட்டு, மடிச்சு. "பிள்ள அழுகுதேன்னு மொத வேலையா அதத்தான்யா தொவச்சுப் போட்டேன்"னாங்க. அதத் தொவைக்கக் கூடாதுன்னு அந்தம்மாவுக்கு யாரு சொல்லியிருக்கா? எனக்கே அன்னைக்குத் தெரியாது.

இதுல நான் செஞ்ச தப்பு இன்னும் வரல. பிரிண்ட் போட்டுப் பாத்தா தெரு பேருல ஒரு எழுத்துப் பிழை. திருத்தி மொதப் பக்கத்த மறுபடி போட்டேன், பிழையான பக்கத்தக் கசக்காம கொள்ளாம மேசைக்குக் கீழ இருக்க அட்டப்பெட்டியில போட்டுட்டேன், எல்லா வேஸ்ட் பேப்பரும் அதுலதான் போடுவோம். மாசக் கடைசியில பழைய பேப்பர்க்காரருக்கு கிலோ கணக்குல எடைக்குப் போடுவோம், அவரு அங்கிட்டு டீக்கடைகளுக்குக் குடுப்பாரு. ஒரு பக்கம் வெள்ளையா இருக்குன்னு வடை மடிக்க ஏ4 பேப்பருக்கு டிமாண்டு, உங்களுக்கும் தெரியும்.

பன்னெண்டு, பதிமூணு நாள் கழிச்சு ஆட்டோ ஓட்டுற தம்பி ஒருத்தன் வந்தான். நாலா மடிச்ச பேப்பரு, நடுவுல எண்ணெ ஊறி கண்ணாடி மாதிரி இருக்கு. "யக்கா, இது நம்ம கடையில அடிச்சதா பாருங்க"ன்னான். பருப்பு வடை வாங்குனப்ப மடிச்சுக் குடுத்திருக்காங்க. பிள்ள பேரு, அப்பா பேரு, கதவு நம்பரு, தெரு, வேலை பாக்குற கடை, எல்லாம் அப்படியே இருக்கு. அந்தத் தம்பி நல்லவன், வேற யார்கிட்டயும் காட்டல, காட்டலன்னு எங்கிட்டச் சொன்னான். அவனுக்கு முன்னாடி டீக்கடையில யாரு படிச்சா, மடிச்சுக் குடுத்தவரு படிச்சாரா, எனக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு நாள் மனசு அடிச்சுக்கிட்டு அந்தம்மா வீட்டத் தேடிப் போயி நடந்ததச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தம்மா கோவப்படல. "விடுங்கக்கா, மறுநாளே போலீஸ் ஜீப்பு வாசல்ல வந்து நின்னு பேரச் சொல்லி வீடு விசாரிச்சாய்ங்க, இனிமே யாருக்குத் தெரியணும்"னாங்க. கோவப்பட்டிருந்தா நல்லாருந்திருக்கும். ஒரு மூணு மாசத்துல வீட்டக் காலி பண்ணி திருப்பூர்ப் பக்கம் போயிட்டாங்க. கேஸ் என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம்தான் நான் வர்ற வக்கீலுங்க, சமூகநலத்துறையில இருக்கவங்க, ஜெராக்ஸ் எடுக்க வர்ற லேடி போலீசு, எல்லார்கிட்டயும் இதப் பத்திக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சப்புறம் எனக்கு வயித்தெரிச்சல்தான் வந்துச்சு. ஏன்னா அந்த மனுவ என் கடையில அடிச்சிருக்கவே வேண்டியதில்ல. என் பொழப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிறேன்னு நெனச்சாலும் பரவால்ல, சொல்லிப்புடுறேன். புகார வாயால சொன்னாப் போதும். பாலியல் கொடுமைன்னா அத ஒரு பெண் போலீஸ் அதிகாரிதான் எழுதிக்கணும், எழுதி வாசிச்சுக் காட்டணும், பாதிக்கப்பட்டவ சொன்ன மாதிரி இருந்தாத்தான் கையெழுத்து. எஃப்ஐஆர் காப்பி காசில்லாம குடுக்கணும். போலீசும் கோர்ட்டும் கேச எப்படி நடத்தணும்னு 2024 ஜூலை 1ல இருந்து வந்திருக்க புதுச் சட்டத்துல, அதான் பிஎன்எஸ்எஸ்ங்கிறாங்களே, அதுல 173வது பிரிவு இதுதான். எந்த ஸ்டேசன்ல வேணும்னாலும் குடுக்கலாம், "இது எங்க எல்லை இல்ல"ன்னு அனுப்பக் கூடாது, மொதல்ல எழுதிக்கிட்டு அப்புறமா அவங்களே உரிய ஸ்டேசனுக்கு மாத்தி விடணும். அதனால உள்ளூர் ஸ்டேசன்ல சொந்தக்காரன் ஏட்டா இருக்கானேன்னு பயந்தா அடுத்த ஊர்ல போய்க் குடுக்கலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல. விசாரணைக்கு வாக்குமூலம் வாங்கவும் அந்தப் பிள்ள வீட்டுலயோ, அது சொல்ற வேற எடத்துலயோதான் வாங்கணும், அதுவும் பெண் அதிகாரி, கூட பெத்தவங்களோ சொந்தக்காரங்களோ இருக்கலாம். இந்த மாதிரி புகார எழுத மாட்டேன்னா அந்த அதிகாரிக்கே ஆறு மாசத்துக்குக் குறையாம ஜெயில்னு சட்டத்துல இருக்கு. கோர்ட்டுலயும் கதவ அடைச்சுத்தான் விசாரிக்கணும், வேடிக்க பாக்க ஆள உக்கார விடக்கூடாது. பேர வெளியிட்டா ரெண்டு வருசம் வரைக்கும் தண்டன, முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்துல 228ஏ பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ல 72வது பிரிவு.

ஸ்டேசனுக்கே போகப் பிடிக்காட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போகணும், இதத்தான் நான் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்றது. நம்ம ஆளுங்க போலீசு சீட்டு இல்லாம பெரியாஸ்பத்திரியில பாக்க மாட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படியெல்லாம் இல்ல. எஃப்ஐஆர் போட்டாத்தான் பாப்போம்னு சொல்ல எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கெடையாது, கவர்மெண்டோ தனியாரோ, பணம் வாங்காம ஒடனே வைத்தியம் பாக்கணும், பாக்க மாட்டேன்னா அது குத்தம். 2014லயே மத்திய சுகாதாரத்துறை இதுக்குன்னு வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கு. கர்ப்பம் தங்காம இருக்க மாத்திர, எச்ஐவி வராம இருக்க மாத்திர, ரெண்டும் 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், கர்ப்பத்துக்கான மாத்திர மட்டும் அஞ்சு நாள் வரைக்கும் குடுக்கலாம், எவ்வளவு வெள்ளென ஆரம்பிக்கிறமோ அவ்வளவு நல்லது. குளிக்காம, துணிய மாத்தாம போனா நல்லது, மாத்திட்டா அந்தத் துணியத் தொவைக்காம அப்படியே கொண்டு போகணும், பிளாஸ்டிக் பையில போடக்கூடாது, ஈரம் புழுங்கி பூசணம் பிடிச்சுரும், பேப்பர் கவர்ல போடணும். பிரவுன் கவரு என் கடையிலயே அஞ்சு ரூவாய்க்கு விக்கிறேன், அன்னைக்கு எனக்கு இது தெரிஞ்சிருந்தா. அதுக்காக குளிச்சிட்டோமே, தொவச்சிட்டோமே, இனி எதுக்குப் போறதுன்னு வீட்டுல இருந்துறாதீங்க. நாலு நாள் வரைக்கும் தடயம் எடுக்கப் பாப்பாங்க, அதுக்கு மேல ஆனாலும் வைத்தியம்னு ஒண்ணு இருக்குல்ல.

ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ள சம்மதம் இல்லாம யாரும் கை வைக்கக் கூடாது. எதுக்குச் சம்மதம், எதுக்கு வேணாம்னு தனித்தனியாச் சொல்லலாம். முன்னாடி, பிள்ளைக்கு ஏற்கனவே உறவுப் பழக்கம் இருக்கான்னு பாக்குறேன்னு ரெண்டு வெரல் டெஸ்ட்னு ஒரு அசிங்கம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, அதத் தடை பண்ணச் சொல்லி 2022 ஏப்ரல்ல நம்ம ஒத்தக்கடைப் பக்கம் இருக்க ஐகோர்ட் கிளைதான் அரசாங்கத்துக்கு உத்தரவு போட்டுச்சு, அதே வருசம் அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு இனிமே அதப் பண்றவங்க நன்னடத்த தவறுனவங்கன்னு சொல்லிருச்சு. கர்ப்பம் ஆயிட்டாக் கூட 24 வாரம் வரைக்கும் கலைக்கச் சட்டத்துல எடம் இருக்கு, 18 முடிஞ்ச பிள்ளைன்னா அதோட சம்மதம் மட்டும் போதும், யாரோட கையெழுத்தும் வேண்டியதில்ல, அந்த விவரத்த டாக்டர் வெளிய சொல்லக்கூடாது.

ஒண்ணு மட்டும் ஒளிக்காமச் சொல்லணும், இல்லன்னா நானும் ஏமாத்துன மாதிரி ஆயிரும். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசுக்குத் தகவல் போகும், அது அவங்க கடமை. ஆனா 18 வயசு முடிஞ்ச பிள்ளைன்னா எனக்குக் கேஸ் வேணாம்னு எழுதிக் குடுக்கலாம், எழுதிக் குடுத்தாலும் வைத்தியத்த நிறுத்தக் கூடாது. 18க்குக் கீழன்னா கத வேற. சின்னப் பிள்ளைகளப் பாலியல் கொடுமையில இருந்து காக்குற போக்சோ சட்டப்படி விசயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும் சொல்லியே ஆகணும், டீச்சரா இருந்தாலும் சரி, டாக்டரா இருந்தாலும் சரி, மனு அடிக்கிற நானா இருந்தாலும் சரி, சொல்லாட்டி அதுவே குத்தம். அதனால சின்னப் பிள்ளைகிட்ட "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், எங்கிட்டச் சொல்லு"ன்னு சத்தியம் பண்ணிக் கேக்காதீங்க. "சொல்ல வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், உன் கூடவே இருப்பேன்"னு சொல்லுங்க. அந்தப் பிள்ளைகள விசாரிக்க வர்ற போலீசு காக்கிச் சட்டையில வரக்கூடாது, ராத்திரி ஸ்டேசன்ல வச்சிருக்கக் கூடாது. அதுக்கு போன் 1098.

பெரிய பிள்ளைகளுக்கு 181. இது பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 2018 டிசம்பர்ல வந்துச்சு, ஆனா எங்க ஊர்ல பத்துப் பொம்பளைங்ககிட்டக் கேட்டா ஒண்ணு, ரெண்டு பேருக்குத்தான் தெரியும், கேஸ் சிலிண்டர் புக் பண்ற நம்பர் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். கேஸ் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணாட்டியும் போட்டுப் பேசலாம். அங்க இருந்து சகின்னு சொல்ற ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பி விடுவாங்க. டாக்டரு, போலீசு, வக்கீலு, மனசுவிட்டுப் பேச கவுன்சலரு, எல்லாம் ஒரே எடத்துல ஏற்பாடு பண்றதுக்குன்னு 2015ல நிர்பயா நிதியில ஆரம்பிச்ச திட்டம் அது. வீட்டுல இருக்க முடியலன்னா அஞ்சு நாள் வரைக்கும் அங்கயே தங்கிக்கலாம். அங்க போனா ஒரே ஆள்கிட்ட ஒரு தடவ சொன்னாப் போதும்ங்கிறதுதான் அந்தத் திட்டத்தோட நோக்கமே. எங்க ஊர்ல என்ன நடக்குது? ஏட்டுகிட்ட ஒரு தடவ, என்கிட்ட ஒரு தடவ, எஸ்ஐகிட்ட ஒரு தடவ, ஓபி சீட்டு எழுதுற எடத்துல "என்ன பிரச்சன?"ன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கமா சத்தமா கேக்குறவங்ககிட்ட ஒரு தடவ, பின்னாடி வரிசையில நிக்கிறவங்களுக்கும் சேத்து. அஞ்சு தடவ சொல்ற பிள்ள அஞ்சு தடவையும் செத்துப் பொழைக்கிது.

வக்கீல் வைக்கக் காசில்லன்னு யோசிக்க வேண்டாம். பொம்பளைன்னாலே வருமானம் பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987லயே சட்டம் இருக்கு, மாவட்டக் கோர்ட்டுல சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல கேக்கலாம், போன் 15100. நஷ்டஈடும் அங்கதான். 2018 திட்டப்படி பாலியல் வன்கொடுமைன்னா கொறஞ்சது 4 லட்சம், 7 லட்சம் வரைக்கும், குத்தவாளி யாருன்னே பிடிபடாட்டியும் கேக்கலாம். ராத்திரி தூக்கம் வராம, சாகலாம் போல இருக்குன்னா 14416, டெலிமானஸ்னு மனநல உதவி எண், அதுவும் இலவசம், தமிழ்ல பேசுவாங்க. வீட்டுல ஒரே போனுதான், அதுவும் அண்ணன் கையில இருக்குன்னா பேசி முடிச்சிட்டு கால் லிஸ்ட்ல அழிச்சிருங்க, என்னைக் கேட்டா கடைக்கு வாங்க, என் போனத் தர்றேன்.

நம்ம பக்கம் இதுல ஒரு கொழப்பம் இருக்கு, ரகசியம்னாலே "கமுக்கமா முடிச்சுருவோம்"ங்கிறதுதான். பிள்ள பேரு கெட்டுப் போயிரும், வெளிய தெரிய வேண்டாம்னு நாலு பெரிய மனுசய்ங்க மந்தையில உக்காந்து ஒரு தொகையப் பேசி முடிச்சு விடுவாய்ங்க, சில எடத்துல அவனுக்கே கட்டி வைக்கிற கூத்தும் உண்டு. பிள்ளைகிட்ட ஒரு வார்த்த கேக்குறதில்ல. அங்க மறைக்கிறது அவன் பேரத்தான், பிள்ள பேரு அன்னைக்குச் சாயங்காலமே தண்ணிக் கொழாய்க்குப் போயிரும். இந்த மாதிரி வழக்குல சமரசம்ங்கிற பேச்சுக்கே எடமில்லன்னு 2015 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. நான் சொல்ற ரகசியம் வேற. யாருக்குத் தெரியணும், யாருக்குத் தெரியக் கூடாதுங்கிற சாவி அந்தப் பிள்ள கையில இருக்கணும். அது வெளிய வந்து மைக் பிடிச்சுப் பேசணும்னு நெனச்சாப் பேசட்டும், யாரு தடுத்தா. மேடைக்கு மேடை கண்ணகி வந்து நியாயம் கேட்ட ஊருங்கிறாய்ங்க. எல்லாப் பிள்ளையும் செலம்பக் கையில எடுத்துக்கிட்டு சபையில போய் நிக்கணுமா? ஒரு ரூம்புக்குள்ள உக்காந்து ஒரு ஆள்கிட்ட அழுதுட்டு மாத்திர வாங்கிட்டு வீட்டுக்குப் போறதுக்கும் உரிமை வேணும்ல.

பேரு வெளிய போனா என்னாகும்ங்கிறதுக்கு நான் எங்கயும் தேட வேண்டாம். பொள்ளாச்சி பாலியல் கொடுமைக் கேஸ்ல 2019ல புகார் குடுத்த பிள்ள பேரு போலீஸ் பிரஸ் மீட்லயும் வந்துச்சு, அரசாணையிலயே வந்துச்சு. அதுக்கு 25 லட்ச ரூவா நஷ்டஈடு குடுங்கன்னு அந்த மார்ச் மாசமே நம்ம மதுரைக் கிளை ஐகோர்ட்டு சொல்லுச்சு. 2025 மே 13ல கோயம்புத்தூர் மகளிர் கோர்ட்டுல 9 பேருக்கும் சாகுற வரைக்கும் ஜெயில்னு தீர்ப்பு வந்துச்சே, அதுல 48 சாட்சியில ஒருத்தர் கூட பெறழ் சாட்சி ஆகல. அதுக்கப்புறமாவது பிள்ளைங்க பேர வெளிய விடாம பத்திரமா பாத்துக்கிட்டதுக்கு அதுல பெரிய பங்கு இருக்குன்னு நான் நெனைக்கிறேன். அப்பறம் 2024 டிசம்பர்ல சென்னை அண்ணா யுனிவர்சிட்டிக்குள்ள ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமை விசயம். அந்தப் பிள்ள துணிஞ்சு புகார் குடுத்துச்சு, எஃப்ஐஆர் இன்டர்நெட்ல வெளிய வந்துருச்சு. இந்த மாதிரி எஃப்ஐஆர நெட்ல ஏத்தக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2016லயும் சொல்லியாச்சு, 2018லயும் சொல்லியாச்சு. கேட்டா சாப்ட்வேர் மாத்துறப்ப கோளாறுன்னாங்க. ஐகோர்ட்டு அந்தப் பிள்ளைக்கும் 25 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. ரெண்டு தடவையும் காசு குடுக்கச் சொன்னாங்க, போன பேரு திரும்பி வந்துச்சா? அந்த எஃப்ஐஆர் காப்பி எங்க ஊர் வாட்சாப் குரூப்பு வரைக்கும் வந்துச்சு, ஒருத்தர் என் கடைக்கே வந்து "பிரிண்ட் போட்டுக் குடுங்க, படிக்க சின்னதா இருக்கு"ன்னாரு. போட மாட்டேன்னு சொன்னதுக்கு "காசு குடுக்குறேன்ல"ங்கிறாரு. மனுசன் ரெண்டு பொம்பளப் பிள்ள பெத்தவரு.

2018ல வந்த அந்த சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புல உங்களுக்கும் ஒரு வரி இருக்குங்க ஐயா. பேரு மட்டுமில்ல, இன்னாருன்னு கண்டுபிடிக்கிற மாதிரி எந்த விவரத்தையும் போடக்கூடாதுன்னு இருக்கு. செத்துப் போன பிள்ளைக்கும் அதேதான். அப்ப ஊராட்சி பேரு, அப்பா வேலை, அண்ணன் இருக்க நாடு இதெல்லாம் எதுக்கு? மேலூர் பக்கம், உசிலம்பட்டி பக்கம்னு கூட வேண்டாம், மதுரை மாவட்டம்னு போட்டா நியூஸ் கொறஞ்சு போகுமா? திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க வர்ற பிள்ளைய முதுகுப் பக்கமா போட்டோ எடுத்துப் போடுறீங்க. அதே சுடிதாரு, அதே சடை, பக்கத்துல அதே அம்மா. ஊர்க்காரனுக்கு முதுகு போதும்.

வார்த்தையும் கொஞ்சம் பாருங்க. உங்க பேப்பர்ல கற்பழிப்புன்னு போடுறத விட்டுட்டீங்க, அது நல்லது, எங்க அப்பத்தா காலத்துல இருந்து அந்த வார்த்தையாலயே எத்தன பிள்ளைங்க வாயத் தொறக்காமச் செத்துச்சோ. ஆனா இன்னும் "உல்லாசமாக இருந்தார்"னு வருதே, 14 வயசுப் பிள்ளைய மெரட்டுனவன் உல்லாசமா இருந்தானாம். அந்தப் பிள்ளைக்கு அது என்ன உல்லாசமா? சில்மிஷம்னு ஒண்ணு. சேட்ட பண்ற பையனச் சொல்ற மாதிரி. மானபங்கம்னு அடிச்ச எனக்கு இதச் சொல்ல வாய் கூசத்தான் செய்யுது, இருந்தாலும் ஒரு 20 வயசுப் பிள்ள அன்னைக்கு என்னையத் திருத்துச்சு, நான் உங்களுக்குச் சொல்றேன்.

உங்ககிட்டக் கேக்குறது பெருசில்ல. இந்த மாதிரி நியூஸ் வர்ற அன்னைக்கெல்லாம் அதுக்குக் கீழயே 181, 1098 ரெண்டையும் கண்ணுக்குத் தெரியிற மாதிரி பெரிய எழுத்துல போடுங்க, புகாருக்கு மனு வேண்டாம், வாயால சொன்னாப் போதும்னு ஒரு வரி, 72 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்க, துணியத் தொவைக்காதீங்கன்னு ஒரு வரி. நகைக்கடை வெளம்பரத்துக்கு அரப்பக்கம் இருக்குல்ல, இதுக்கு மூணு வரி இருக்காதா? நியூஸப் படிக்கிற வீட்டுலயே அன்னைக்கு ஒரு பிள்ள யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம ஒக்காந்திருக்கலாம். நான் எழுதுனது வளவளன்னு போயிருச்சு, எடம் பத்தலன்னா என் கடைக் கதைய வெட்டிருங்க, நம்பர வெட்டிராதீங்க.

என் கடையில இப்ப அந்த அட்டப்பெட்டி கெடையாது. பிழையான பேப்பர அன்னன்னைக்கே கிழிச்சு பக்கெட்டு தண்ணியில ஊறப்போட்டுருவேன், கூழாப் போயிரும். கம்ப்யூட்டர்ல மனு அடிச்சு முடிச்சதும் வந்தவங்க கண்ணு முன்னாடியே அழிச்சு, ரீசைக்கிள் பின்னுலயும் அழிச்சுக் காட்டுவேன். வாட்சாப்ல அனுப்புனதையும் அவங்கள வச்சுக்கிட்டே டெலிட் பண்ணுவேன். "பொருள் என்ன?"ன்னு சத்தமாக் கேக்குறதில்ல, ஒரு நோட்டும் பேனாவும் நீட்டிருவேன், எழுதிக் காட்டச் சொல்லுவேன். இந்த ஆறேழு வருசத்துல நாலு பேரு அந்த மாதிரி வந்தாங்க. நாலு பேருக்கும் நான் மனு அடிச்சுக் குடுக்கல, ஷட்டரப் பாதி இறக்கிட்டு 181 போட்டுக் குடுத்துட்டு நான் வெளிய பெஞ்சுல போய் உக்காந்துக்கிட்டேன். அவங்க பேரு எனக்குத் தெரியாது, நான் கேக்கல.

வாசகர் கடிதத்துல பேரு, ஊரு போடுறது வழக்கம்னு தெரியும். பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் தனி பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன், நீங்க சரி பாத்துக்கிறதுக்கு மட்டும். அச்சுல போட்டுறாதீங்க. கடை தெரிஞ்சா அந்த வருசம் அந்தக் கடைக்கு யாரு வந்தான்னு யோசிக்க எங்க ஊர்ல ஆளு இருக்கு. சரி பாத்து முடிச்சதும் அந்தத் தனி பேப்பர தயவுசெஞ்சு கிழிச்சே போடுங்க.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரி,
மதுரை மாவட்டம்